மேசையாயிருந்த கிதார்

ஆகஸ்ட் 16

முப்பத்தோராவது கிதாருக்கான நோட்டு இது. ஒவ்வொரு கிதாருக்கும் ஒரு நோட்டுப் போடுவது என் வழக்கம். என்ன மரம், எத்தனை மில்லிமீட்டர் கனம், பசை காய எவ்வளவு நேரம், அன்று மழையா வெயிலா, எல்லாம் எழுதிவைப்பேன். இந்த முறை முதல் பக்கத்தில் எழுத மரமே இன்னும் முடிவாகவில்லை.

நவம்பரில் பெங்களூரில் கைவினைக் கிதார்களின் கண்காட்சி. இரண்டு வருடமாக விண்ணப்பித்து இரண்டு வருடமும் திரும்பி வந்தேன். போன வருடம் தேர்வுக் குழுவில் ஒருவர் என் கிதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சுத்தமான வேலை சார். ஆனா இதையே பத்துப் பேர் பண்றாங்க" என்றார். மேலே ஸ்ப்ரூஸ் மரம், முதுகுக்கு ஈட்டி மரம். உலகமே அப்படித்தான் செய்கிறது. அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் இன்னும் எரிகிறது.

மனைவி ஹெப்சி தன் ஊரான நாசரேத்துக்குப் போய் நான்கு நாள் ஆகிறது. மாமாவுக்கு, அவள் அப்பாவுக்கு, பக்கவாதம். திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். குன்னூர் வீட்டில் நான் மட்டும். இன்று வைத்த ரசத்தை நானே குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 19

பின்னறையில் புத்தகங்களையும் பழைய துணிகளையும் சுமந்துகொண்டு நிற்கிறதே மேசை, அதை இன்று விரலால் தட்டிப் பார்த்தேன். இருபத்து நாலு வருடமாக வீட்டில் இருக்கிறது. ஒருநாளும் தட்டியதில்லை. கிதார் செய்கிறவனுக்கு இது அவமானம்.

ஓக் மரம். இங்கிலாந்து ஓக். ஹெப்சியின் தாத்தா இங்கே ஒரு தேயிலை எஸ்டேட்டில் எழுத்தராக இருந்தார். துரை ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போன மேசை. மலையிலிருந்து நாசரேத்துக்கு இறங்கி, எங்கள் கல்யாணத்தின்போது சீதனமாக மறுபடி மலையேறியது.

திருகாணிகளைக் கழற்றி ஒரு பலகையை மட்டும் எடுத்தேன். சும்மா பார்க்கத்தான். ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு நடுவில் தட்டினால் கிண்ணென்று கேட்டு, நின்று, மெல்ல அடங்குகிறது. நூறு வருடம் காய்ந்த மரம். குறுக்குவாட்டில் வெள்ளி வரிகள் ஓடுகின்றன. ஓக்கில் சாராயப் பீப்பாய்தான் செய்வார்கள், கிதார் செய்தால் கனத்துக் கட்டையாகக் கேட்கும் என்பார்கள். சொல்கிறவர்கள் இந்தப் பலகையைத் தட்டிப் பார்க்கவில்லை.

பலகையை மறுபடி பூட்டவில்லை. கை வலித்தது.

ஆகஸ்ட் 22

ஹெப்சியிடம் கேட்டுவிட்டேன். காலை பதினொன்று நாற்பது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தப் பின்னறை மேசை சும்மாதானே கிடக்கு. அதுல கொஞ்சம் வேலை பாக்கட்டுமா?"

"எந்த மேசை? சரி, உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்க. டாக்டர் கூப்பிடுதாவ, வைக்கட்டா?"

அவளே சொல்லிவிட்டாள். நேரத்தோடு எழுதிவைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 23

நான்கு பலகைகளையும் கழற்றி அடிப்பக்கம் இழைத்தேன். மழை.

ஆகஸ்ட் 24

மேட்டுப்பாளையம் போய் ஹபீப் பாயின் மர மில்லில் அறுத்து வந்தேன். பாய் காந்தத்தை வைத்து ஆணி இருக்கிறதா என்று ஓரம் ஓரமாகத் தடவினார். அப்புறம் என் முகத்தைத் தடவுவது போலப் பார்த்தார்.

"மேசைங்களா சார் இது?"

"ஆமா பாய். பழசு."

"வீட்ல கேட்டீங்களா?"

"கேட்டேன் பாய். அவங்களே சொன்னாங்க."

"எனக்கென்னங்க, அறுக்கறதுதான் வேலை. அறுத்தா ஒட்டாது, அதுக்குத்தான் கேட்டேன்."

ஒரு பலகை போதும் என்றுதான் நினைத்துப் போனேன். எதிர் எதிரே பொருந்தும் ஜோடி வேண்டும், விலாப் பலகை வளைக்கும்போது உடைந்தால் மாற்று வேண்டும். ஒன்றை அறுத்தால் என்ன, நான்கை அறுத்தால் என்ன. நான்கையும் அறுக்கச் சொன்னேன். நான்கு மில்லிமீட்டர் தகடுகள். விரித்துப் பார்த்தால் புத்தகத்தைத் திறந்தது போல வரிகள் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 4

முதுகுப் பலகை ஒட்டியாயிற்று. விலாப் பலகையைச் சூடான குழாயில் வைத்து வளைத்தேன். முதல் இரண்டும் இடுப்பு வளைவில் பிளந்தன. ஈட்டி, சூடு பட்டால் நம் பேச்சைக் கேட்கும். இது ஒரு எல்லை வரை வளைகிறது, அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் உடைகிறது. மூன்றாவது ஜோடியை ஈரத்துணி சுற்றி மெதுவாக வளைத்தேன். நின்றது.

ஹெப்சி பேசினாள். மாமாவை சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். வலது கை, வலது கால் அசையவில்லை. பேச்சு இல்லை. "உங்க வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டாள். "போகுது" என்றேன். என்ன மரம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

செப்டம்பர் 11

மடத்தனம் செய்தேன். ஓக்கில் துவர்ப்பு அதிகம். ஈரத்தோடு இரும்பு பட்டால் கறுத்துவிடும் என்று படித்திருக்கிறேன். படித்தும் இரும்புக் கிளாம்பை நேராகப் போட்டு இறுக்கினேன். காலையில் எடுத்தால் விலாவில் மை கொட்டியது போல நான்கு கருநீல வட்டங்கள். புளிச்சாறு, எலுமிச்சை, எல்லாம் தேய்த்தேன். மூன்று போயிற்று. ஒன்று மங்கலாக இருக்கிறது. வெளியே தெரியாது. எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 13

ஹெப்சி இரண்டு முறை அழைத்தாள். கையில் பசை. எடுக்கவில்லை.

செப்டம்பர் 29

கிதாரின் பெட்டி மூடியாயிற்று. ஓக்கின் துவாரங்களை அடைக்க ஐந்து நாள் பிடித்தது. சல்லடை மாதிரி மரம். பூச்சைக் குடித்துக்கொண்டே இருக்கிறது.

அக்டோபர் 5

இன்று கம்பி பூட்டினேன்.

எழுத உட்கார்ந்து அரைமணி நேரமாகிறது. முப்பது கிதார் செய்த கை இது. முப்பதிலும் கேட்காத ஒன்று இதில் கேட்டது. அடிக்கம்பி வறண்ட குரலில் தெளிவாகப் பேசுகிறது, குழையவில்லை. மேல்கம்பி தனியாக நிற்கிறது, கூச்சல் போடவில்லை. ஒரு சுரத்தை மீட்டிவிட்டுக் காத்திருந்தேன். அது முடிந்த இடம் எனக்குத் தெரியவில்லை.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடம் சொல்வது?

கண்காட்சிக்கு ஒலிப்பதிவு அனுப்பினேன்.

அக்டோபர் 9

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். காலையில் கடிதம் வந்தது. நவம்பர் 10, மேடையில் பத்து நிமிடம் வாசித்துக் காட்ட வேண்டுமாம்.

மதியம் ஹெப்சி அழைத்தாள். குரலில் இரண்டு மாதமாக இல்லாத வெளிச்சம்.

"அப்பா பேசுதாவ! ரெண்டு நாளா பேசுதாவ. என்னைய யாருன்னு தெரியல, அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிடுதாவ. ஆனா ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்காவ. மேசை எங்கே, மேசை எங்கேன்னு. அந்த ஓக் மேசை."

கண்காட்சிக் கடிதத்தை மடித்து வைத்தேன்.

"இருக்கியளா? ஒண்ணு உங்ககிட்ட இத்தனை வருசமா சொல்லல. அப்பா சொல்லக்கூடாதுன்னுட்டாவ. எனக்கு அடுத்து ஒரு பாப்பா பிறந்துச்சு. எனக்கு அப்போ ஏழு வயசு. நாலு நாள்தான் இருந்துச்சு. ஞானஸ்நானம் குடுக்கல. வேதாகமத்துல பிள்ளைங்க பேரு எழுதுத பக்கத்துல அம்மா அந்தப் பேரை எழுதச் சொன்னாவ, அப்பா மாட்டேன்னுட்டாவ. சபை மூப்பர்லா, முறைன்னா முறைதான்னுட்டாவ. அம்மா சாவுத வரைக்கும் கேட்டாவ. அம்மாவை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கு, அப்பா மேசைக்கு அடியில போயி மல்லாக்கப் படுத்து பென்சில்ல எழுதினாவ. பாப்பாவைக் கிடத்தியிருந்தது அந்த மேசை மேலதான். என்னையத்தான் விளக்கு பிடிக்கச் சொன்னாவ. அதான் மேசையை எனக்குக் குடுத்தாவ. நான் அப்பாவை அங்க கூட்டிட்டு வாரேன். முன்னறையில சன்னல் பக்கம் மேசையைப் போட்டு வைங்க, என்ன? அந்தப் பேரைப் பாக்கணுமாம்."

"சரி" என்றேன்.

இந்த நோட்டில் ஆகஸ்ட் 23ஆம் தேதி நான் எழுதியது ஒரே வரி. அன்று நடந்ததை இப்போது எழுதுகிறேன். நடுப்பலகைகளில் ஒன்றைத் திருப்பிப் போட்டபோது பென்சில் எழுத்து இருந்தது. தபீத்தாள் என்று ஒரு பெயர். தேதி இருந்தது, 1979. இன்னும் ஏதோ இருந்தது. படித்தேன். தச்சனின் கணக்கு இல்லை, யாரோ மனிதர் என்று தெரிந்தது. ஹெப்சியைக் கேட்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று அடுத்த நொடி தோன்றியது. இழைப்புளியை எடுத்து நான்கு தள்ளு தள்ளினேன். சுருள் சுருளாக விழுந்தது. அன்று மாலை வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

அவளே சொன்னாள் என்று எழுதியிருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவளிடம் மேசையைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்துதான் அங்கே வைத்துக் கேட்டேன்.

அக்டோபர் 10

இன்று சொல்லிவிடுவது என்று போனை எடுத்தேன். அவளே முந்திக்கொண்டு, "அப்பா இன்னைக்கு ரெண்டு இட்லி சாப்ட்டாவ, மேசையப் பாக்கப் போறோம்னு சொன்னேன், சிரிச்சாவ" என்றாள். சொல்லவில்லை. நாளை.

அக்டோபர் 11

நாளை.

அக்டோபர் 14

கால்களும் சட்டமும் அப்படியே இருக்கின்றன. மேற்பலகைதான் வேண்டும். தேயிலைக்கு நிழலாக நடுகிறார்களே சில்வர் ஓக், அது பெயரில்தான் ஓக், உறவு எதுவும் கிடையாது. ஆனால் சரியாக அறுத்தால் அதே மாதிரி வரி காட்டும். ஹபீப் பாயிடம் காய்ந்த பலகை நான்கு வாங்கி வந்தேன். இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை. அதுவே ஒரு கேள்விதான்.

அக்டோபர் 20

தேயிலைச் சாயம் மூன்று முறை, மெழுகு இரண்டு முறை. பழைய விளிம்பில் இருந்த கீறல்களைக்கூட நினைவிலிருந்து போட்டேன். என் கைத்திறமையை நினைத்து எனக்கே கூசுகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குச் சோறு வடிக்கவும் தெரிந்திருக்கிறது.

அக்டோபர் 23

எழுத்து மட்டும் பாக்கி. மாமா எங்கள் கல்யாணத்துக்கு முன் எழுதிய கடிதம் ஒன்று பெட்டியில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் பழகினேன். தா எழுத்தில் காலைச் சற்று நீட்டி இழுப்பார். இன்று மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து எழுதினேன். தபீத்தாள். தேதி. நான்கு நாள். கையைத் தலைக்கு மேலே தூக்கி எழுதும்போது தோள் கடுத்தது. எழுபதை நெருங்கும் வயதில் இதை எழுதியபோது அவர் கை எப்படிக் கடுத்திருக்கும் என்று நினைத்தேன். கணக்குப் போட்டால் அன்று அவருக்கு ஐம்பத்தைந்துதான். துக்கத்தில் இருக்கிற ஆளை எப்போதும் கிழவராகத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 27

வந்துவிட்டார்கள். மாமாவை வண்டியிலிருந்து நாற்காலியோடு தூக்கி இறக்கினோம். பாதியாகிவிட்டார். ஹெப்சியும் மெலிந்திருக்கிறாள். முன்னறைக்கு வந்ததும் மேசையைப் பார்த்து நின்றாள்.

"பாலீஸ் போட்டியளா?"

"லேசா."

"நல்லாருக்கு" என்றாள். பயணக் களைப்பு. மாமா இடது கையை மேசைமேல் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டார்.

அக்டோபர் 28

காலையில் கஞ்சி குடித்ததும் மாமா கேட்டார். சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வருகின்றன.

"ஏட்டி... அடியில... இருக்கா?"

"இருக்கும்பா."

"பாரு. வாசி."

ஹெப்சி சேலையை ஒதுக்கிக்கொண்டு அடியில் புகுந்து மல்லாந்து படுத்தாள். நான் சமையலறைக் கதவருகே டம்ளரோடு நின்றேன். இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. வெகுநேரம் கழித்து அவள் குரல் வந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

"தபீத்தாள். ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தொம்பது, ஜூன் ரெண்டு. நாலு நாள் இருந்தாள். எங்கள் பிள்ளை."

எங்கள் பிள்ளை என்று நான் எழுதவில்லை. அன்று படித்ததில் அதுதான் மறந்துபோயிருக்கிறது.

மாமா தலையை ஆட்டினார். இடது கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்தது. ஹெப்சி வெளியே வந்து முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டு, என்னைத் தாண்டிப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். பொங்கும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்டோபர் 29

மாமா மதியம் தூங்கும்போது ஹெப்சி பட்டறைக்கு வந்தாள். கிதார் சுவரில் தொங்கியது. இருபத்து நாலு வருடம் துடைத்த மரம், அவளுக்குத் தெரியாமல் இருக்குமா. முதுகுப் பக்கத்தில் கையை வைத்தாள்.

"எப்பம்?"

"ஆகஸ்ட்ல."

"எழுத்தைப் பாத்தியளா?"

பொய் சொல்ல நாக்கு புரளவில்லை. "பாத்தேன்."

அவள் அழுதிருந்தால் காலில் விழுந்திருப்பேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "வாசிச்சுக் காட்டுங்க" என்றாள். மறுத்தேன். "வாசிங்கன்னு சொல்லுதேன்லா." எடுத்து வாசித்தேன். அந்தப் பாழாய்ப்போன மரம் ஒரு குறையும் காட்டவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு அலமாரியிலிருந்து உப்புத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரத்தில் முன்னறையிலிருந்து தேய்க்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். மேசைக்கு அடியில் படுத்து நான் எழுதியதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் மரத்தூள்.

"நான் வேணா மறுபடி சரியா எழுதிடறேன் ஹெப்சி. அந்தக் கடைசி வரியையும் சேர்த்து."

"வேண்டாம். உங்க கையெழுத்துல வேண்டாம்."

நவம்பர் 2

தினமும் காலையில் மாமா கேட்கிறார். தினமும் அவள் படுத்து வெறும் பலகையிலிருந்து வாசிக்கிறாள். ஒரு சொல் கூடுவதில்லை, குறைவதில்லை. பொய் சொல்லத் தெரியாதவள். கடையில் மீதி அதிகமாகக் கொடுத்துவிட்டால் மழையில் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறவள். அவளை நான் இப்படி ஆக்கினேன்.

என்னோடு பேசாமல் இல்லை. சோறு போடுகிறாள், மாத்திரை வாங்கி வரச் சொல்கிறாள். பேச்சில் எங்கேயும் நான் இல்லை, அவ்வளவுதான்.

நவம்பர் 10

பெங்களூர் போகவில்லை. போகாதே என்று அவள் சொல்லவில்லை. போகலாமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கில்லை. காலையிலிருந்து இரண்டு முறை அழைத்தார்கள். மாமாவுக்கு முகம் மழித்துவிட்டேன்.

நவம்பர் 19

வெயில் அடித்தது. மாமாவுக்கு இன்று மனம் தெளிவாக இருந்தது. ஹெப்சியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் அடியில் புகுந்து வாசித்து முடித்து வெளியே வந்ததும், என் பக்கம் இடது கையை நீட்டினார்.

"மாப்ள. நீரும்... பாரும். உமக்கும்... தெரியணும். வாசியும்."

ஹெப்சியைப் பார்த்தேன். அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குனிந்து, மண்டியிட்டு, உள்ளே போய் மல்லாந்து படுத்தேன். தலைக்கு மேலே சாயம் போட்ட பலகை. அதன் நடுவில் கையகலத்துக்குத் தேய்ந்து வெளுத்த இடம். அதில் ஒன்றும் இல்லை. என் இரண்டு பக்கமும் பழைய ஓக் கால்கள். வெளியே மாமாவின் செருப்பு, ஹெப்சியின் பாதம்.

"தபீத்தாள்" என்றேன். குரல் பலகையில் பட்டு என் முகத்திலேயே விழுந்தது. "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது, ஜூன் ரெண்டு. நாலு நாள் இருந்தாள்."

அதற்கு மேல் வரவில்லை. இரண்டு சொல்தான் பாக்கி. அந்தச் சொற்களைச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை.

மாமாவின் செருப்பு அசைந்தது. "அப்புறம்?" என்றார். "அழிஞ்சு... போச்சா?"

ஹெப்சி மேசையருகே வந்து நின்றாள்.

"இல்லப்பா, அழியல" என்றாள். "எங்கள் பிள்ளைன்னு இருக்கு. அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியல."

அவளே பலகையை ஒருமுறை தட்டினாள், நான் எழுந்து வரலாம் என்பதற்கு.

நான் உடனே எழவில்லை.